உருவம் நிலைக்காத புரதத்தை எதைக் கொண்டு அளப்பது? சிடி, சாக்ஸ், என்எம்ஆர், ஃப்ரெட்: ஓர் ஒப்பீடு

ஆல்ஃபா-சைனூக்ளியின் புரதத்தை எஸ்டிஎஸ் ஜெல்லில் (சோப்பு போன்ற எஸ்டிஎஸ் ஒட்டிய புரதங்களை மின்சாரத்தால் பிரிப்பது) ஓட்டினால் 17, 18 கிலோடால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) அருகே பட்டை விழும். அதே மாதிரியை, மூலக்கூறுகளை உருவ அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷன் தூணில் விட்டால், 50 முதல் 60 கிலோடால்டன் எடையுள்ள உருண்டைப் புரதங்கள் வெளிவரும் இடத்தில் வந்து இறங்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் 14,460 டால்டன் என்று காட்டும். மூன்று கருவியிலும் பழுதில்லை. ஜெல்லும் தூணும் எடையை நேராக அளப்பதில்லை. எஸ்டிஎஸ் எவ்வளவு ஒட்டுகிறது, மூலக்கூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைத்தான் அவை பார்க்கின்றன. அதை மடிந்த புரதங்களின் அளவுகோலில் வைத்து நாம்தான் எடையாக வாசிக்கிறோம். மடியாத புரதம் அந்த அளவுகோலில் அடங்காது.

நிலையான வடிவமில்லாத புரதம் ஒன்றைக் கையில் எடுப்பவருக்கு முதல் மாதமே வரும் கேள்வி, இருக்கிற நாளையும் மாதிரியையும் எந்த முறையில் செலவிடுவது என்பது. படிகமாக்கிப் பார்க்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது, ஏனென்றால் அடுக்கி வைக்க ஒரே மாதிரியான வடிவம் இல்லை. மீதி இருக்கும் சிடி (வட்டமாகச் சுழலும் ஒளியை உறிஞ்சுவதில் உள்ள வேறுபாட்டை அளப்பது), சாக்ஸ் (எக்ஸ்-கதிர்ச் சிதறல்), என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு), ஒற்றை மூலக்கூறு ஃப்ரெட் (இரண்டு சாயங்களுக்கு நடுவே ஆற்றல் தாவுவதை வைத்துத் தூரம் அளப்பது), கணினி உருவகம் ஆகியவை ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பதில் வரும், ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்கு வரும். ஆல்ஃபா-சைனூக்ளியினையே உதாரணமாக வைத்து இவற்றை ஒப்பிடுவோம். பார்க்கின்சன் நோயின் மையத்தில் இருக்கும் புரதம் என்பதாலும், மேலே சொன்ன எல்லா முறையும் இதன்மேல் ஓடியிருப்பதாலும் இது நல்ல உரைகல்.

வடிவம் இல்லாமல் வேலை நடப்பது எப்படி

பாலைக் கொதிக்க வைத்தால் ஏடு படிகிறது, ஆனால் பால் திரிவதில்லை. ஏட்டில் சேர்வது சூட்டில் வடிவம் குலையும் மோர்ப் புரதங்கள். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதமான கேசீனுக்குக் குலைவதற்கு நிலையான வடிவமே இல்லை. அதனால் அது சூட்டைத் தாங்கி, கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்தபடி கரைந்தே நிற்கிறது. பி.எச். 4.6-க்கு இறங்கி மின்னேற்றம் சமப்படும்போதுதான் அது தயிராக இறுகுகிறது. இந்தக் குணத்தை மறக்க வேண்டாம், பின்னால் மாதிரி தயாரிக்கையில் இதுவே கைகொடுக்கும்.

மனிதப் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலாவது 30 அமினோ அமிலத்துக்கு மேல் நீளும் வடிவமற்ற பகுதி உண்டு. செல்லுக்கு இதனால் என்ன ஆதாயம்? புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் முன்பகுதி தளர்ந்த கயிறு போல இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் எம்டிஎம்2 புரதத்தின் பள்ளத்தைச் சேரும்போது மட்டும் ஒரு சிறு சுருளாகி, பினைல்அலனின் 19, டிரிப்டோஃபான் 23, லூசின் 26 என்ற மூன்று கைகளையும் உள்ளே நுழைக்கிறது. வேறு கூட்டாளியிடம் அதே பகுதி வேறு விதமாக உட்காரும். பி27 புரதம் செல் பெருக்கத்தை நடத்தும் சிடிகே2-சைக்ளின் ஜோடியின்மேல் படர்ந்து அதை நிறுத்துகிறது. ஒரு பாஸ்பேட் ஏறினாலே பிடிமானம் மாறுவதால் இத்தகைய புரதங்கள் செல்லின் சுவிட்சுப் பலகையில் நிறைய உட்கார்ந்திருக்கின்றன.

இதே தளர்ச்சி நோய்க்கும் வழி. ஆல்ஃபா-சைனூக்ளியினின் 140 அமினோ அமிலங்களில் முதல் 60 சவ்வின்மேல் சுருளாகப் படுக்கக்கூடியவை. 61 முதல் 95 வரை நீர்விலகும் பகுதி, நோயில் இப்புரதங்கள் திரண்டு உருவாகும் இழையின் உடம்பு இதிலிருந்துதான் எழுகிறது. கடைசி 45 எதிர் மின்னேற்றம் நிறைந்த வால். 1997-ல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் 53-ஆம் இடத்து அலனின் திரியோனினாக மாறியிருப்பது பார்க்கின்சன் நோயுடன் சேர்த்துக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் நோயாளிகளின் மூளைச் செல்களில் சேரும் லூயி உருண்டைகளுக்குள் இருப்பது இந்தப் புரதம்தான் என்பதும் தெரிந்தது. ஆக, அளக்க வேண்டியவை நான்கு: உண்மையிலேயே வடிவமற்றதா, எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது, எப்போது திரளாகிறது.

முதலில் கணினி, ஆனால் ஓர் எச்சரிக்கையோடு

ஐயூபிரெட் போன்ற கணிப்பானில் புரதத்தின் அமினோ அமில வரிசையை இட ஒரு நிமிடம் போதும். 0.5-க்கு மேல் நிற்கும் பகுதிகள் வடிவமற்றவை என்பது வழக்கமான கோடு. வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பு 50-க்குக் கீழே இருந்தாலும் பெரும்பாலும் அதே பொருள்தான். திரையில் தெரியும் ஆரஞ்சு நிறச் சிக்கலை வடிவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதன் மறுபக்கம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. ஆல்ஃபா-சைனூக்ளியினின் முன்பகுதிக்கு ஆல்ஃபாஃபோல்டு நல்ல நம்பிக்கையோடு நீண்ட சுருள் காட்டும். அது சவ்வின்மேலோ சோப்பு மூலக்கூறுகள் திரண்ட மிசெல் உருண்டையின்மேலோ படுத்திருக்கும் நிலைக்கு நெருக்கமானது, தண்ணீரில் தனியாக மிதக்கும் நிலை அல்ல. கூட்டாளி கிடைத்தால் மடியும் பகுதிகளை, கூட்டாளி இல்லாமலே மடிந்தவையாக அது வரைவதுண்டு. நம்பிக்கை உயர்ந்திருக்கும் இடத்தில் ஐயூபிரெட் எதிர்மாறாகச் சொன்னால், அந்தப் பகுதி எதையோ பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனை அங்கிருந்து தொடங்கலாம்.

முறையைவிட மாதிரி முக்கியம்

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் தோல்விகளில் பெரும்பங்கு மாதிரியில் தொடங்குகிறது. இங்கே கேசீன் பாடம் உதவும். இந்தப் புரதத்தை உற்பத்தி செய்த ஈ.கோலை பாக்டீரியா செல்களை உடைத்து, அந்தக் கரைசலை 95 டிகிரி செல்சியஸில் 10 முதல் 15 நிமிடம் வைத்தால் பாக்டீரியாவின் மடிந்த புரதங்கள் பெரும்பாலும் குலைந்து வீழ்படிவாகும். ஆல்ஃபா-சைனூக்ளியின் மேலே நிற்கும். சுழற்றிப் பிரித்து, எதிர் மின்னேற்றப் புரதங்களைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்றத் தூண், பிறகு ஜெல் ஃபில்ட்ரேஷன். இந்த மூன்று படியில் தூய மாதிரி கிடைக்கும். கொதிக்கும் முன்பே, புரதத்தை வெட்டும் நொதிகளை (புரோட்டியேஸ்) நிறுத்தும் தடுப்பான் சேர்க்க வேண்டும். மடிந்த புரதத்தில் வெட்டும் இடம் உள்ளே ஒளிந்திருக்கும். இங்கே முழு நீளமும் வெளியில் கிடப்பதால், செல் உடைந்த முதல் சில நிமிடங்களே ஆபத்தானவை.

செறிவை அளப்பதில் ஒரு குழி இருக்கிறது. புரதச் செறிவை அளக்க வழக்கமாகச் சேர்க்கும் பிராட்ஃபோர்டு சாயம் முக்கியமாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டுவது, இந்தப் புரதத்தில் ஆர்ஜினின் ஒன்றுகூட இல்லை. டிரிப்டோஃபானும் இல்லை. நான்கு டைரோசின் மட்டும் இருப்பதால் 280 நானோமீட்டரில் மோலார் உறிஞ்சல் கெழு 5,960. ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் உறிஞ்சல் 0.41 வரும். ஆகவே நீர்த்த மாதிரியை அளக்காதீர்கள். அடர்ந்த இருப்பை அளந்து, அதிலிருந்து கணக்காக நீர்க்க வையுங்கள். 260 நானோமீட்டரிலும் பாருங்கள். டிஎன்ஏ துணுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இவ்வளவு சிறிய 280 அளவை அது உயர்த்திக் காட்டிவிடும்.

இன்னொன்று, கவனிக்காமல் விட்டால் மாதங்களைத் தின்னும். இப்புரதத்தில் சிஸ்டீன் கிடையாது. ஆனால் 136-ஆம் டைரோசினுக்கான டிஏசி என்ற மரபணுக் குறியீட்டை ஈ.கோலை சில மூலக்கூறுகளில் தவறாகப் படித்து, அங்கே சிஸ்டீனை வைத்துவிடுகிறது. மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் முதன்மை முகட்டுக்கு 60 டால்டன் கீழே, 14,400-ல் இன்னொரு முகடு தெரிந்தால் காரணம் இதுதான். அந்தச் சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று இணைந்து இரட்டையாகி, திரள்வதைப் பற்றிய அளவுகளையே திரிக்கும். குறியீட்டை டிஏடி என்று மாற்றிய பிளாஸ்மிடைப் (மரபணுவை ஏந்தும் டிஎன்ஏ வளையம்) பயன்படுத்தினால் தீர்ந்தது. மனித செல்லில் இந்தப் புரதத்தின் முன்நுனியில் அசிட்டைல் குழு இருக்கும், ஈ.கோலை அதை வைக்காது. சவ்வில் ஒட்டுவதை ஆராய்பவர்கள் ஈஸ்டின் நாட்பி நொதியைச் சேர்த்து உற்பத்தி செய்து, 42 டால்டன் கூடியிருப்பதைச் சரிபார்ப்பது நல்லது.

சிடியா, புரோட்டியேஸா: முதல் கேள்விக்கு

"இது உண்மையிலேயே வடிவமற்றதா?" என்பதற்கு மட்டும் பதில் வேண்டுமானால் சிடி நிறமாலைமானி போதும். ஒரு காலை வேலை. மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம், 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் குவெட், 300 மைக்ரோலிட்டர். வடிவமற்ற புரதம் 198 முதல் 200 நானோமீட்டரில் ஆழ்ந்த பள்ளம் காட்டும், 222-ல் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் நிற்கும். சுருளானால் 208, 222 என இரண்டு பள்ளம். பீட்டா மடிப்பானால் 218 அருகே ஒன்று.

தவறு நேர்வது பஃபரில், அதாவது பி.எச்-ஐ நிலையாக வைக்கும் கரைசலில். சோடியம் குளோரைடு 195-க்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும், வடிவமற்ற புரதத்தின் முக்கிய சிக்னலோ அதை ஒட்டியே இருக்கிறது. 10 மில்லிமோலார் பாஸ்பேட் எடுத்து, உப்பு தேவைப்பட்டால் சோடியம் ஃப்ளூரைடு சேருங்கள். தூய்மையாக்கலில் சேரக்கூடிய இமிடசோலும் டிடிடியும் (டைதியோதிரெய்டால்) அறவே வேண்டாம். டிடெக்டரின் எச்டி மின்னழுத்தம் 600, 700 வோல்ட்டைத் தாண்டிய இடத்தில் வரும் வளைவை நம்பாதீர்கள், அழகாகத் தெரிந்தாலும் அது இரைச்சல்தான்.

சிடியின் உண்மையான பலம் ஒப்பிடுவதில் இருக்கிறது. எதிர் மின்னேற்றமுள்ள கொழுப்புக் குமிழிகளைப் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே போனால் 198 பள்ளம் தேய்ந்து 208, 222 வளர்வதைக் கண்முன்னே பார்க்கலாம். எல்லா வளைவும் 203 நானோமீட்டர் அருகே ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டால் தளர்ந்த நிலை, சுருள் நிலை என இரண்டுதான் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நுணுக்கமும் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலிகள் எங்கும் அலையும் நூல் அல்ல. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் வரைந்த படத்தில், அதாவது சங்கிலியின் திருகு கோணங்களான ஃபை, சை இரண்டையும் அச்சுகளாகக் கொண்ட படத்தில், ஃபை −75, சை +145 டிகிரி அருகே பாலிபுரோலின்-2 என்ற இடம் உண்டு. வடிவமற்ற சங்கிலிகள் அங்கே கணிசமான நேரம் தங்குகின்றன. சூடேற்றும்போது 222-ல் சிக்னல் லேசாக ஆழமாவது இந்த இடம் காலியாவதால்தான். புதியவர்கள் இதைப் பார்த்துச் "சூட்டில் சுருள் கூடுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள்.

சிடி கருவி கிடைக்காத இடத்தில் புரோட்டியேஸ் சோதனை நல்ல மாற்று. புரோட்டினேஸ்-கே 1, புரதம் 1,000 என்ற எடை விகிதம். 0, 1, 2, 5, 15, 30 நிமிடங்களில் எடுத்து பிஎம்எஸ்எஃப் இட்டு நிறுத்தி ஜெல்லில் ஓட்டுவது. மடிந்த புரதம் நிற்கும், வடிவமற்றது சில நிமிடத்தில் காணாமல் போகும். இதையே டிரிப்சினில் செய்தால் ஏமாறுவீர்கள். டிரிப்சின் லைசினிலும் ஆர்ஜினினிலும் மட்டுமே வெட்டும். ஆல்ஃபா-சைனூக்ளியினின் கடைசி லைசின் 102-ஆம் இடம். 103 முதல் 140 வரையிலான வால் துண்டு வெட்டுப்படாமல் நிற்பதைக் கண்டு "வால் மடிந்திருக்கிறது" என்று முடிவு கட்டினால் தவறு. அங்கே வெட்ட இடமில்லை, அவ்வளவுதான்.

சாக்ஸ்: அளவு தெரியும், ஆள் தெரியாது

எவ்வளவு விரிந்திருக்கிறது என்ற கேள்விக்குச் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல், அதாவது சாக்ஸ், நேரான பதில். 140 அமினோ அமிலச் சங்கிலி முழுக்கத் தளர்ந்திருந்தால் சுழல் ஆரம் (மையத்திலிருந்து சங்கிலி சராசரியாகப் பரவும் தூரம்) ஏறத்தாழ 37 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும். உருண்டையாக மடிந்திருந்தால் 14 முதல் 15. வித்தியாசம் இரண்டரை மடங்கு, குழப்பத்துக்கே இடமில்லை. மடிப்பின் அடையாளம் தெரியும்படி சிதறலை மாற்றி வரையும் கிராட்கி வரைபடத்தில் மடிந்த புரதம் மணி போல ஏறி இறங்கும். வடிவமற்றது ஏறியபின் இறங்காது.

செலவாகும் மாதிரியும் குறைவு: மில்லிலிட்டருக்கு 1, 2, 4 மில்லிகிராம் என மூன்று செறிவில் 50 மைக்ரோலிட்டர் வீதம். கடுமையெல்லாம் தூய்மையில். சிதறல் எடையைக் கூடுதலாக மதிக்கிறது. உங்கள் புரதத்தில் 1 சதவீத எடை மட்டும் பத்து பத்தாகச் சேர்ந்த திரளாக இருந்தால், தொடக்கக் கோணத்துச் சிக்னலில் ஏறத்தாழ 10 சதவீதம் அதிலிருந்தே வரும். சுழல் ஆரம் கூடிப்போகும், நீங்கள் "மிக விரிந்த சங்கிலி" என்று எழுதுவீர்கள். அதனால் தூணிலிருந்து நேரே கதிருக்குள் பாயும் ஏற்பாடு கிடைத்தால் அதையே கேளுங்கள். ஒப்பீட்டுக்கான பஃபர், தூணிலிருந்து வெளிவந்த அதே பஃபராக இருக்க வேண்டும். தனியாகக் கலக்கியது உதவாது. சிறு கோணத் தரவிலிருந்து சுழல் ஆரத்தைக் கணிக்கும் கினியர் கோடு பொருத்தும்போது, கோண அளவையும் ஆரத்தையும் பெருக்கிய எண்ணுக்கு மடிந்த புரதத்துக்குரிய 1.3 என்ற வரம்பைப் பயன்படுத்தினால் ஆரம் குறைத்து வரும். இங்கே 1-க்கு உள்ளேயே நில்லுங்கள்.

சாக்ஸால் முடியாதது எது? அது தருவது ஒரே ஒரு வளைவு. அந்த வளைவோடு பொருந்தும் வடிவக் கூட்டங்கள் எத்தனையோ உண்டு. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது இந்தப் புரதங்களிடம் செல்லாது, ஏனெனில் ஒவ்வொரு பருக்கையும் வேறு, அதுவும் நொடிக்குள் பல முறை மாறுவது. சாக்ஸ் பானை முழுவதையும் ஒரே தடவையில் எடை போடுகிறது. தனியாக அதை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை. இன்னொரு முறைக்குத் துணையாக வைத்தால் அதற்கு ஈடில்லை.

என்எம்ஆர்: ஒரு முறைதான் என்றால் இதுவே

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்எம்ஆர் என்பேன். காரணம் எளிது: ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் தனித்தனியாகப் பதில் தருவது இது ஒன்றுதான்.

நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடு லிட்டருக்கு 1 கிராம் இட்ட எம்9 என்ற எளிய வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, 100 முதல் 200 மைக்ரோமோலாரில் அரை மில்லிலிட்டர் எடுத்தால் போதும். 200 மைக்ரோமோலார் என்பது 1.45 மில்லிகிராம் புரதம். எச்எஸ்க்யூசி படத்தில் (ஒவ்வொரு நைட்ரஜன்-ஹைட்ரஜன் ஜோடிக்கும் ஒரு புள்ளி) புரோட்டான் அச்சில் எல்லாப் புள்ளியும் 7.8 முதல் 8.5 பிபிஎம் வரையிலான ஒடுங்கிய பட்டையில் குவிந்திருந்தால் வடிவமற்றது. மடிந்த புரதமாக இருந்தால் 6.5 முதல் 10 வரை சிதறியிருக்கும். எத்தனை புள்ளி வர வேண்டும் என்பதை முன்பே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்: 140-ல் ஐந்து புரோலின் தெரியாது, முதல் மெத்தியோனின் தெரியாது, மிச்சம் 134.

134 வரவில்லையா? பெரும்பாலும் வெப்பமும் பி.எச்-உம்தான் காரணம். திறந்து கிடக்கும் சங்கிலியின் அமைடு ஹைட்ரஜன் தண்ணீரோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். காரத்தன்மை கூடினாலும் சூடு கூடினாலும் இது வேகமாகி, புள்ளிகள் மங்கி மறையும். 37 டிகிரி, பி.எச். 7.4 என்று உடம்பின் நிலையிலேயே அளக்க ஆசைப்படுபவர்களுக்குப் பாதிப் படம் காணாமல் போவது இதனால்தான். 10 முதல் 15 டிகிரி, பி.எச். 6.5 என்று வைத்துப் பாருங்கள், வந்துவிடும். உடம்பின் நிலை கட்டாயம் என்றால் கார்பனை நேராக அளக்கும் கான் சோதனைக்குப் போக வேண்டும். அதில் புரோலினும் தெரியும், ஆனால் கார்பன்-13 குளுக்கோஸின் செலவும் மணிக்கணக்கான கருவி நேரமும் சேரும். கேடிகேஇஜிவி (ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம்) போன்ற ஒரே மாதிரித் தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் உண்டு. 600 மெகாஹெர்ட்ஸ் கருவியில் திணறுவது 800-ல் பிரியும்.

பயன் எங்கே தெரிகிறது? கொழுப்புக் குமிழி சேர்த்தால் முதல் நூறு அமினோ அமிலங்களின் புள்ளிகள் மங்குகின்றன, வாலின் புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. சவ்வில் ஒட்டிய பகுதி பெரிய குமிழியோடு சேர்ந்து மெதுவாகச் சுழல்வதால் அதன் சிக்னல் மறைகிறது. எந்தப் பகுதி ஒட்டியது என்பதை ஒரே படத்தில் விரல் வைத்துக் காட்டலாம். ஓரிடத்தில் சிஸ்டீனை நுழைத்து எம்டிஎஸ்எல் என்ற காந்தத் துணுக்கைக் கட்டினால், அதிலிருந்து 25 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கி வரும் அமினோ அமிலங்கள் மங்கும். வால் வளைந்து நடுப்பகுதியைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. சராசரியில் தொலைந்துபோகும் இத்தகைய அரிய தொடுகைகளையும் காட்டுவது இதன் தனிச்சிறப்பு.

ஃப்ரெட்: பருக்கை பருக்கையாக

திரள்வதே உங்கள் புரதத்தின் நோய் என்றால், 200 மைக்ரோமோலாரில் வைத்து அளப்பதில் ஒரு நெருடல் இருக்கும். ஒற்றை மூலக்கூறு ஃப்ரெட்டில் செறிவு 50 பிகோமோலார். 100 மைக்ரோலிட்டரில் இருப்பது 0.07 நானோகிராம். ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத நிலையில் ஒவ்வொரு மூலக்கூறும் லேசர் புள்ளியைத் தனியாகக் கடக்கும். இரண்டு வகை வடிவம் கலந்திருந்தால் சாக்ஸ் சராசரி காட்டும், ஃப்ரெட் இரண்டு முகடாகப் பிரித்துக் காட்டும்.

சங்கிலியின் இரண்டு இடங்களில் கட்டும் சாயங்களை எங்கே வைப்பது என்பதில்தான் வெற்றி. அலெக்சா 488, 594 ஜோடிக்கு ஃபோர்ஸ்டர் தூரம், அதாவது ஆற்றல் தாவும் திறன் பாதியாகும் தூரம், 5.4 நானோமீட்டர். 2.7-ல் திறன் 0.98, 8.1-ல் 0.08. இவ்விரண்டுக்கும் வெளியே தூரம் மாறினாலும் கருவிக்குத் தெரியாது. தளர்ந்த சங்கிலியில் 60 அமினோ அமில இடைவெளி சராசரியாக 5.5 நானோமீட்டர் தரும், தொடங்க அது நல்ல இடம். 130 இடைவெளியில் வைத்துவிட்டு "மாற்றமே இல்லை" என்று சோர்ந்துபோவது வீண்.

சிக்கல்களும் உண்டு. சாயங்களைக் கட்ட நுழைத்த இரண்டு சிஸ்டீனும் ஒரே மாதிரி வினைபுரிவதால் ஒரே சாயம் இரண்டு ஏறிய மூலக்கூறுகளும் கலந்து வரும். எச்பிஎல்சி என்ற உயர் அழுத்தத் தூணில் பிரிக்க வேண்டும், மாறி மாறி ஒளியூட்டும் அமைப்பும் வேண்டும். இல்லையேல் ஆற்றலைப் பெறும் ஏற்பிச் சாயம் இல்லாத மூலக்கூறுகளின் பூஜ்ய முகட்டை மிக நீண்ட சங்கிலி என்று நினைத்துவிடுவீர்கள். பிகோமோலாரில் புரதம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், 0.01 சதவீதம் ட்வீன்-20 என்ற மென் சோப்பைச் சேருங்கள். இவ்வளவுக்கும் பின் கிடைப்பது இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு தூரம். அடுத்த தூரத்துக்கு அடுத்த பிறழ்வுப் புரதம்.

உருவகமும், இழை சோதனையும்

அணு அணுவாகக் கணிக்கும் உருவகத்தில் பழைய விசைப்புலங்கள் (அணுக்களுக்கு இடையே உள்ள விசைகளின் கணக்கு விதிகள்) வடிவமற்ற சங்கிலியைச் சுருட்டிப் பந்தாக்கிவிடும். 2017-ன் சார்ம்36எம், 2018-ன் ஏ99எஸ்பி-டிஸ்ப் போன்றவை இதைச் சரிசெய்யவே வந்தவை. 12 நானோமீட்டர் பக்கமுள்ள பெட்டியில் தண்ணீர் மூலக்கூறுகள் மட்டும் ஏறத்தாழ 57,000. கணக்கில் அதே பெட்டி எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வருவதால், பெட்டி சிறிதானால் சங்கிலி தன் பிம்பத்தையே தொடும். சாக்ஸ் ஆரத்தோடும் என்எம்ஆர் அளவுகளோடும் ஒத்துப்பார்க்காத உருவகத்தை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

நோயின் பக்கம் வரும்போது இழையில் ஒட்டினால் ஒளிரும் சாயமான தயோஃப்ளேவின்-டி சோதனை தவிர்க்க முடியாதது: 70 மைக்ரோமோலார் புரதம், 20 மைக்ரோமோலார் சாயம், 37 டிகிரி, குலுக்கல், 450-ல் ஒளியூட்டி 480-ல் அளப்பது. இழை தொடங்கும் முன் கழியும் தாமத நேரம், சோதனைத் தட்டின் குழிகளான கிணற்றுக்குக் கிணறு மாறுவது சாதாரணம், ஆறு கிணறாவது வையுங்கள். தொடங்கும் அன்றே தூணில் ஓட்டித் தனி மூலக்கூறை மட்டும் எடுக்கவில்லை என்றால், உறைய வைத்துக் கரைத்த மாதிரியில் ஒளிந்திருக்கும் விதைத் திரள்கள் தாமதத்தையே விழுங்கிவிடும். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் இழை வேகமாகத் தொடங்கும். குமிழி ஒன்று மாட்டிய கிணறு முந்திக்கொள்வது இதனால்தான். 2020-ல் மும்பை ஐஐடியிலிருந்து வந்த ஆய்வு, இழைக்கு முன்பே இந்தப் புரதம் திரவத் துளியாகப் பிரிய முடியும் என்று காட்டியது. ஆகவே தயோஃப்ளேவின் ஒளிராத நேரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று எண்ணாமல் நுண்ணோக்கியிலும் பாருங்கள்.

இழை உருவானபின் அதன் உடம்பைக் கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கி அணுவரை காட்டும். அதைச் சுற்றி மடியாமல் தொங்கும் பகுதிகள் அதில் மங்கல்தான்.

தவறான தேர்வு என்ன செய்யும்

2011-ல் ஆல்ஃபா-சைனூக்ளியின் செல்லுக்குள் நான்கு நான்காகச் சேர்ந்த சுருள் வடிவில் இருக்கிறது என்று ஓர் ஆய்வு சொன்னது. ஏறத்தாழ 58 கிலோடால்டன் என்ற எண் நான்கு மடங்கு 14.5-க்கு அழகாகப் பொருந்தியது. ஆனால் தளர்ந்த ஒற்றைச் சங்கிலியும் தூணிலும் இயல்நிலை ஜெல்லிலும் அதே இடத்தில்தான் நிற்கும். முதல் பத்தியில் பார்த்த கணக்கு இதுவே. அந்த ஆய்வு வேறு சான்றுகளையும் முன்வைத்ததால் விவாதம் நீண்டது. 2012-ல் வந்த மறு ஆய்வுகள் தளர்ந்த ஒற்றை மூலக்கூறையே கண்டன. 2016-ல் பாலூட்டி செல்களுக்கு உள்ளேயே வைத்து எடுத்த என்எம்ஆர், நரம்பு செல்லிலும் மற்ற செல்களிலும் அது பெரும்பாலும் வடிவமற்ற தனி மூலக்கூறாகவே இருப்பதைக் காட்டியது. உருவ அளவைப் பார்க்கும் முறையால் எடைக் கேள்வியைத் தீர்க்க முடியாது. தூணோடு ஒளிச்சிதறல் கருவியை இணைத்தாலே எடை நேராகக் கிடைக்கும். அது கிடைக்கும் இடத்தில் தூண் மட்டும் ஓட்டுவதை விட்டுவிடலாம்.

பத்து மில்லிகிராமை எப்படிப் பங்கிடுவது

ஒரு லிட்டர் வளர்ப்பில் 10 மில்லிகிராம் தூய புரதம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் முடிவு வளர்க்கும் முன்பே எடுக்க வேண்டியது: லிட்டர் முழுவதையும் நைட்ரஜன்-15-ல் வளர்த்துவிடுங்கள். அந்த நைட்ரஜன் சிடியையோ சாக்ஸையோ இழை சோதனையையோ தொந்தரவு செய்யாது. எடை மட்டும் ஏறத்தாழ 166 டால்டன் கூடும், லேபிள் முழுதாக ஏறியதா என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் அதை வைத்தே சரிபார்க்கலாம். எல்லா முறையும் ஒரே தயாரிப்பில் ஓடுவதால் "அந்த மாதிரி வேறு, இந்த மாதிரி வேறு" என்ற சந்தேகமும் எழாது.

சிடிக்கு 0.2 மில்லிகிராம், புரோட்டியேஸுக்கு 0.2. இவை முதல் வாரம். வடிவமற்றது என்று உறுதியானால் என்எம்ஆருக்கு இரண்டு குழாய், 3 மில்லிகிராம்: ஒன்று தனியாக, ஒன்று கூட்டாளியோடோ மருந்து மூலக்கூறோடோ. சாக்ஸுக்கு இரண்டு சுற்று, 0.7. இழை சோதனைக்கு நான்கு நிலைமை, ஆறு ஆறு கிணறு, 100 மைக்ரோலிட்டர் வீதம் 2.4. மீதி 3.5 மில்லிகிராமைச் சிறு சிறு பங்காகத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து −80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை கரைத்ததை மறுபடி உறைய வைக்க வேண்டாம். ஃப்ரெட் தேவையென்றால் சிஸ்டீன் பிறழ்வுகளுக்குத் தனி வளர்ப்பு, இந்தப் பத்திலிருந்து எடுக்க வழியில்லை.

மருந்து தேடுபவர்கள் இந்தப் பங்கீட்டில் ஒன்றை மாற்ற வேண்டும். இஜிசிஜி போன்ற பச்சைத் தேயிலைச் சேர்மங்கள் இழையைத் தடுக்காவிட்டாலும் தயோஃப்ளேவினின் ஒளியை அணைத்துவிடும், திரையில் "தடுத்துவிட்டது" என்று தெரியும். எனவே இழை சோதனைக்கு ஒதுக்கிய 2.4-ல் மருந்து சேர்த்த கிணறுகளின் கரைசலை முடிவில் வீணாக்காமல், 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி, மேலே நிற்கும் கரைசலையும் அடியில் படிந்ததையும் தனித்தனியே ஜெல்லில் ஓட்டுங்கள். மேல் கரைசலில் பட்டை இல்லாமல் அடியில் மட்டும் இருந்தால், ஒளி அணைந்திருந்தாலும் திரள் உருவாகிவிட்டது.